வயோமிங் பெண்ணும் குதிரையும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் தொடக்ககாலக் கார்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தக் காலத்து விளம்பரங்களில் விலை, வேகம், டயர் என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு மலைப்பாதையில் ஒரு கார் வளைந்து போகிறது, பின்னால் இசை, அவ்வளவுதான். இந்த மாற்றம் டிவி வந்த பிறகு வந்ததா?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

டிவிக்கு வெகு முன்பே, 1923இலேயே வந்துவிட்டது.

முதலில் உங்கள் விவர விளம்பரத்தைப் பார்ப்போம். 1898இல் கிளீவ்லாந்து நகரத்தின் வின்டன் கார் கம்பெனி கொடுத்த விளம்பரம், குதிரையை விட்டுவிடுங்கள், அதைப் பராமரிக்கும் செலவும் கவலையும் மிச்சம் என்று தொடங்குகிறது. மைலுக்கு அரை சென்ட் செலவு, மணிக்கு 3 முதல் 20 மைல் வேகம், விலை 1000 டாலர். அதோடு நாற்றமில்லை, அதிர்வில்லை என்றும் சொல்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டி அதிராமல் எப்படி ஓடும்? அந்த ஆண்டு வின்டன் கார் வாங்கிய ஜேம்ஸ் வார்டு பேக்கார்டு அதன் தொல்லை பொறுக்காமல் மறு ஆண்டே சொந்தமாகக் கார் செய்துவிட்டார். அதனால் விவரம் நிறைய இருந்ததாலேயே அந்த விளம்பரங்களை நம்பிவிட வேண்டாம். லாயத்துக்கும் தீவனத்துக்கும் செலவழித்துக்கொண்டிருந்தவரிடம் அவர்கள் பேசினார்கள். அவருக்குக் கணக்குதான் புரியும்.

1915இல் கேடிலாக் விளம்பரம் ஒன்று, முதலிடத்தில் இருப்பவன் பொறாமைக்கு ஆளாவதைப் பற்றி மட்டுமே பேசியது. கார் என்ற சொல்லே அதன் வாசகத்தில் இல்லை. ஆனாலும் அது ஒரு பிரசங்கம்தான்.

நீங்கள் கேட்கும் மாற்றம், ஜோர்டன் கார் கம்பெனியின் முதலாளி நெட் ஜோர்டன் எழுதிய விளம்பரத்தில் வந்தது. அவருடைய கம்பெனியும் கிளீவ்லாந்துதான். ‘பிளேபாய்’ என்ற அவர் காருக்கு எஞ்சின் கான்டினென்டல் கம்பெனியிலிருந்து வந்தது. மற்ற பாகங்களையும் பெரும்பாலும் வெளியில் வாங்கித்தான் பூட்டினார்கள். அதே எஞ்சின் கம்பெனியிடம் வேறு கார்க்காரர்களும் வாங்கினார்கள். அப்புறம் எஞ்சினைப் பற்றி என்ன பெருமை பேச முடியும்? ஃபோர்டின் மாடல் டி கார் வேறு 300 டாலருக்குள் வந்துகொண்டிருந்த நேரம். விலையிலும் மோத முடியாது.

அதனால் 1923இல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் வந்த விளம்பரத்தில் அவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். வயோமிங் மாநிலத்தில் லாரமி ஊருக்கு மேற்கே எங்கோ, முரட்டுக் குதிரையை அடக்கவும் காளைக்குக் கயிறு வீசவும் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், நான் சொல்வது அவளுக்குப் புரியும், இந்தக் கார் அவளுக்காகக் கட்டியது என்கிறார். விலை இல்லை, குதிரைத்திறன் இல்லை. எனக்கு இன்றும் அதைப் படித்தால் எங்காவது கிளம்பிவிடத் தோன்றுகிறது. நல்ல எழுத்து அது.

படத்தையும் தேடிப் பாருங்கள். அவள் காரை விரட்டுகிறாள், பக்கத்திலேயே ஒருவன் குதிரையில் பாய்ந்து வருகிறான். வின்டன் விட்டுவிடச் சொன்ன குதிரை 25 ஆண்டுகளில் திரும்பி வந்துவிட்டது. காரைப் புகழ வேண்டுமென்றால் துள்ளும் மட்டக் குதிரை மாதிரி என்றுதான் ஜோர்டனுக்கும் சொல்லத் தோன்றியிருக்கிறது.