நம்பர் பிளேட் இல்லாத ஸ்கூட்டரில் லிமிட் ஒயரை வெட்டலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். விடியற்காலையில் மண்டபம் போய் மீன் எடுத்துவந்து வீடு வீடாக விற்கிறேன். பதிவும் லைசென்சும் தேவையில்லை என்று சொன்னதால் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். 25 கிலோமீட்டருக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியில், வேகத்தை மட்டுப்படுத்தும் லிமிட் ஒயரை வெட்டினால் 45 போகும், 500 ரூபாய் கொடுங்கள் என்கிறார் மெக்கானிக். 17 வயது மகனும் தினமும் மாலையில் டியூஷனுக்கு அதை எடுத்துப்போகிறான். பிடித்தால் அபராதம் எவ்வளவு? கட்டிவிட்டுப் போய்விடலாமா?

பதில்: ஐயா, அபராதத் தொகையைக் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது அதற்கு இல்லை. ஒயரை வெட்டிய வண்டி யார் மீதாவது மோதினால் வரும் நஷ்ட ஈட்டை எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் கட்டாது. நீங்கள்தான் கட்ட வேண்டும்.

நம்பர் பிளேட் வேண்டாம் என்பது கடைக்காரர் கொடுத்த சலுகை இல்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2-ஆம் விதியின் ‘யு’ உட்பிரிவு கொடுப்பது. அதில் முக்கியமானவை இரண்டு: மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரும் சக்தி 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், வண்டியின் உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். இதை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று கொடுத்திருக்கவும் வேண்டும். அப்போதுதான் சட்டப்படி அது ‘மோட்டார் வாகனம்’ ஆகாது. லிமிட் ஒயரை எடுத்ததும் வேக நிபந்தனை போய்விடும். பெரிய கன்ட்ரோலர் மாட்டினால் சக்தி நிபந்தனையும் சேர்ந்து போகும். 48 வோல்ட் பேட்டரியில் 20 ஆம்பியர் இழுத்தாலே 960 வாட். “மெதுவாகத்தான் ஓட்டினேன்” என்ற வாதமும் நிற்காது. அன்றைக்கு நீங்கள் போன வேகத்தை அல்ல, வண்டியால் எட்ட முடிகிற வேகத்தைத்தான் விதி கேட்கிறது. தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஒளிவாக ஒரு சுவிட்ச் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு நீங்களே வைத்துக்கொடுக்கும் சாட்சி.

இனி தண்டனை. பதிவில்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஆம் பிரிவில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. லைசென்ஸ் இல்லாததற்கு 181-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196-ஆம் பிரிவில் 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹெல்மெட் தனி. வண்டியை மாற்றியதற்காக 182-ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. ஒயரை வெட்டும்போது அது இன்னும் மோட்டார் வாகனம் ஆகவில்லையே என்று இந்த ஒரு பிரிவில் மட்டும் வாதாட இடமுண்டு. முதல் மூன்றும் வெட்டியபின் ஓட்டுவதற்கானவை, அவற்றில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை.

வெட்டியபின் பதிவு செய்துகொள்ளலாமா என்றால், முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகம் பதிவு விண்ணப்பமான படிவம் 20-உடன் விற்பனைச் சான்றான படிவம் 21-ஐயும், தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22-ஐயும் கேட்கும். வேகம் குறைந்த வண்டி என்று விற்றதற்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் சான்றைத் தயாரிப்பாளர் தரமாட்டார். பதிவு இல்லையென்றால் இன்சூரன்சும் இல்லை.

பாம்பன் சாலைப் பாலத்தில் சுற்றுலா வந்தவர்கள் காரை ஓரம் கட்டிவிட்டு ரயில் பாலத்தைப் பார்க்க இறங்கி நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். பக்கவாட்டில் காற்று தள்ள, பின்னால் ஐஸ் பெட்டியோடு வரும் உங்கள் வண்டி அவர்களில் ஒருவர் மீது மோதினால் என்ன நடக்கும்? வேகம் 25-லிருந்து 45 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மூன்று மடங்குக்கு மேல் கூடும். அந்த டிரம் பிரேக் 25-க்கு அளவெடுத்துச் செய்தது. வழக்குப் பதிவானதும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிப்பார். வெட்டிய ஒயர் அவர் அறிக்கையில் ஏறினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281, 125 பிரிவுகளில் உங்கள் கவனக்குறைவை நிரூபிக்க அரசுத் தரப்பு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. உயிர் போயிருந்தால் 106-ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை.

நஷ்ட ஈட்டு வழக்கு தனியாக விபத்துத் தீர்ப்பாயத்தில் நடக்கும். இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் பல லட்சம் வருவது சாதாரணம். கட்டாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பும். நில வரி பாக்கியைப் போல வசூலிப்பார்கள். வீடு, மனை, படகில் பங்கு இருந்தால் அதுவும் ஜப்திக்கு வரலாம். வண்டியைத் திரும்ப எடுக்கவே நீதிமன்றம் பிணையம் கேட்கும்.

மகன் விஷயம் இதைவிட மோசம். 199-ஏ பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். மகனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. தெரியாமல் எடுத்துப்போனான் என்று நிரூபித்தால் தப்பலாம். நீங்களோ தினமும் எடுத்துப்போவதாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே ஒயரைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் அதே மாடலின் அசல் கன்ட்ரோலரை மாட்டி, மாடல் எண்ணும் தேதியும் எழுதிய பில் வாங்கி வையுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாது. உப்புக் காற்றில் அந்த இணைப்பு சீக்கிரம் அரித்துவிடும். சோதனை நிறுவனச் சான்றின் நகலையும் கடைக்காரரிடம் கேளுங்கள். சான்றே இல்லையென்றால் வெட்டாத வண்டிக்கும் விலக்கு கிடையாது. அவர் பொய் சொல்லி விற்றிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பில், விளம்பர நோட்டீஸ், மோட்டாரின் மேலுள்ள விவரப் பட்டையின் போட்டோ மூன்றையும் இணையுங்கள்.

மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக ஐஸ் பெட்டியோடு ஓட வேகம் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்குப் பதிவு செய்த, பச்சை நம்பர் பிளேட் போட்ட பேட்டரி வண்டி வாங்குங்கள். பேட்டரி வண்டிக்குப் பதிவுக் கட்டணம் 2021 முதல் கிடையாது. புது வண்டியோடு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடும் வந்துவிடும். நீங்கள் எடுக்க வேண்டியது கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கான லைசென்ஸ்.

இன்னொன்று. வெட்டிய வண்டியில் விபத்து நடந்துவிட்டால், போலீஸ் வருவதற்குள் ஒயரைச் சேர்த்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தடயத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஒரு வழக்கறிஞரிடம் பேசியபிறகு வாக்குமூலம் கொடுங்கள்.