பனி விழுவதில்லை

அன்புள்ள ஐயா,

நான் காட்பாடியில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "சூரியன் அப்படியேதான் இருக்குதுன்னா பூமி மட்டும் எப்படி சார் சூடாகுது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையில் எனக்கே இதில் நம்பிக்கை இல்லை. காற்றில் வெறும் 0.04 விழுக்காடு இருக்கிற கரியமில வாயு என்ன செய்துவிடும்? எரிமலைகள் விடாத புகையா? எங்கள் வேலூர் எப்போதுமே வெயிலூர்தான். என் அம்மாகூட, "முன்னல்லாம் ராத்திரியிலயாவது ஆறும், இப்ப விடியிற வரைக்கும் அனல் அடங்கல" என்று தினமும் புலம்புகிறார். ஷீட் போட்ட வீடு, வயதும் ஆகிவிட்டது, அப்படித்தான் தோன்றும். பையனுக்கு நான் என்ன சொல்வது?

ஆர்., காட்பாடி

அன்புள்ள ஆர்.,

பையன் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது உங்கள் அம்மா சொன்ன வரி. அதைத்தான் நீங்கள் வயதானவர் புலம்பல் என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அறுபது எழுபது கோடைகளை உடம்பால் அளந்தவர் ஒரு மாற்றத்தைச் சொல்கிறார். பாடம் நடத்துகிற நீங்கள் அவரிடம் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எரிமலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, நாம் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனை 1978 இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன, அதில் ஏறுமுகம் இல்லை. சரி, இனி இரவுக்கு வருகிறேன்.

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் நிலம் இருந்தது. தை மாதம் நெல்லடித்துக் களத்தில் குவித்ததும் காவலுக்குப் படுக்கப் போவோம். "பனி தலையில இறங்கிடும்டா, மரத்தடியில படு" என்று ஆயா எனக்கு வேப்பமரத்தடியில் பாய் விரிப்பார். சித்தப்பா குவியல் பக்கத்திலேயே வெட்டவெளியில் படுப்பார். விடிந்து பார்த்தால் அவர் கம்பளி சொதசொதவென்று நனைந்திருக்கும், என்னுடையது காய்ந்தே இருக்கும். மேலிருந்து விழும் பனியை மரம் குடைபோலத் தாங்கிக்கொள்கிறது என்றுதான் கல்லூரிக்குப் போகும்வரை நம்பினேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மப்பு போட்ட இரவில் சித்தப்பாவின் கம்பளியும் நனையாது. "மப்பு இருந்தா பனி பெய்யாது, புழுங்கும்" என்பார் ஆயா. தலைக்கு மேலே அத்தனை நீர் இருக்கும்போது ஏன் பெய்யவில்லை?

பனி விழுவதே இல்லை என்பதுதான் விடை. முதலில் பொருள் குளிர்கிறது, அப்புறம்தான் அதைத் தொட்ட காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் இதை 1814-இலேயே விளக்கிவிட்டார். கம்பளி ஏன் குளிர்கிறது? கல், மண், கம்பளி, நம் உடம்பு எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன. தெளிந்த வானத்தின் கீழே கிடந்த கம்பளி வீசியதில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. என் கம்பளி வீசியதற்கு ஈடாக, கிட்டத்தட்ட அதே சூட்டில் இருந்த வேப்பிலைகள் பதிலுக்கு வீசின. மப்பு போட்ட இரவில் மேகமே அந்த மரம்.

பூமிக்கும் சூட்டை இறக்க இந்த ஒரு வழிதான் உண்டு. இதை இன்னொரு முறை படியுங்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது. நமக்கு வியர்த்தால் காற்று ஆற்றும், கொதிக்கிற பாலை ஆற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைக்கலாம். பூமியைச் சுற்றி இருப்பது வெற்றிடம். அங்கே காற்றும் இல்லை, நீரும் இல்லை. கதிராக வீசினால்தான் உண்டு.

கணக்கைப் பையனிடமே கொடுங்கள். காற்று மண்டலத்துக்கு மேலே, சூரியனுக்கு நேராக இருக்கும் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் கிடைக்கும். அதை உருண்டை முழுவதற்கும், இரவு பகலுக்கும் சேர்த்துப் பங்கிட்டால் சுமார் 340. மேகமும் பனிப்பாறையும் மணலும் அதில் 100 வாட்டைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சம் 240. அந்த 240-ம் வெளியே போயாக வேண்டும். மேலே மறைப்பு எதுவும் இல்லாவிட்டால் மைனஸ் 18 டிகிரியிலேயே பூமி அதை வீசிவிடும். நீராவியும் கரியமில வாயுவும் மரமாக நிற்பதால்தான் சராசரி 15 டிகிரியில் வாழ்கிறோம். அந்த மரம் இப்போது அடர்ந்துகொண்டே போகிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதனால் வருவதைவிடப் போவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட் குறைகிறது. ஒரு வாட் தானே என்று உங்களுக்குத் தோன்றும். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர், ஒவ்வொரு கிலோமீட்டர் சதுரத்திலும் பத்து லட்சம் சதுர மீட்டர். பையன் பெருக்கிப் பார்க்கட்டும். இரவும் பகலும் சேரும் அந்த வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது.

அந்த 0.04 விழுக்காட்டை நீங்கள் அற்பம் என்று தள்ளியதை என்னால் ஏற்க முடியாது. உலர்ந்த காற்றில் 99 விழுக்காடு இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரைத் தடுப்பதில்லை. தடுக்கிற வாயு எது என்றுதான் பார்க்க வேண்டும், மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்று பார்க்கக் கூடாது. கரியமில வாயு அடைத்த கண்ணாடிக் குழாயை வெயிலில் வைத்து, அது சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாவதை யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856-இல் காட்டினார். வெப்பக் கதிரை எந்த வாயு விழுங்குகிறது என்று ஜான் டிண்டால் 1859-இல் ஆய்வுக்கூடத்தில் அளந்தார். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர் இதைத் தேடிப் படித்திருக்க வேண்டாமா?

உங்கள் அம்மாவிடம் திரும்புகிறேன். சூரியன்தான் காரணம் என்றால் பகல் அல்லவா அதிகம் சூடேற வேண்டும்? 1950களுக்குப் பிறகு உலகின் நிலப்பரப்பில் பகலின் உச்ச வெப்பத்தைவிட இரவின் குறைந்த வெப்பம்தான் வேகமாக ஏறியிருக்கிறது. அவர் வீட்டு அனலுக்கு வாயு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கரட்டு மலைகளும், தார் ரோடும், நெருக்கியடித்த சிமென்ட் கட்டடங்களும் பகலில் குடித்ததை இரவெல்லாம் கக்குகின்றன. தலைக்கு மேலே ஷீட் வேறு. ஆனால் இவை எல்லாமே ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் அவர் உடம்பில் இறங்குகின்றன. இரவில் ஆறாத உடம்பு மறுநாள் வெயிலைத் தாங்காது ஆர். இந்தக் கத்திரிக்கு அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

இந்த வாரமே ஷீட்டின்மேல் சுண்ணாம்பு அடியுங்கள். பகலில் வெயிலைத் திருப்பி அனுப்பும், இரவில் வானத்துக்கு வெப்பத்தை வீசுவதிலும் அது குறை வைக்காது. வாசலில் இடமிருந்தால் அவர் கட்டிலை வெளியே, வானம் தெரிகிற இடத்தில் போடுங்கள். முதல் இரவு தூங்கி எழுந்ததும் அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தையிலேயே.