ஓரணா குறைகிறது

அன்புள்ள ஐயா,

பர்மாவில் மோல்மீனில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நாற்பது நிமிடப் பேய்ப்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். பழைய தேக்குமர வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு வருகிறது. அங்கே செட்டியார் வட்டிக்கடையில் மேலாளுக்கு (தலைமைப் பொறுப்பாளருக்கு) அடுத்த நிலையில் இருந்த அடுத்தாள் ஒருவரின் பேய் இருக்கிறது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தபோது எல்லோரும் ஓடிவிட, பேரேட்டோடு தனியாக மாட்டிக்கொண்டு செத்தவர் அவர். ராத்திரி கரண்ட் போனதும் மாடிப்படியில் நடக்கிறார். "நூறு கியாட், இருநூறு கியாட்" என்று எண்ணுகிறார். சொம்பை உருட்டுகிறார், சுவருக்குள் நுழைந்து வெளியே வருகிறார், கடைசியில் அந்த வீட்டு அம்மாவின் கழுத்தை நெரிக்கிறார். வீட்டுத் தூணில் நாட் என்ற பர்மியத் தெய்வத்துக்குக் கட்டிய தேங்காயும் இரண்டு காட்சிகளில் வருகிறது. படித்த நண்பர்கள், "சுவரில் நுழைகிற பேய் படியில் மட்டும் எப்படி நடக்கிறது? அந்தக் குடும்பம் ஏன் மறுநாளே காலி பண்ணவில்லை?" என்று சிரிக்கிறார்கள். பேய்க்கதையில் லாஜிக் பார்க்கலாமா?

க., மோல்மீன்

அன்புள்ள க.,

பார்க்கத்தான் வேண்டும். பேய் எப்படி உண்டாயிற்று என்று யாரும் கேட்கப்போவதில்லை, அதை ஒப்புக்கொண்டுதான் வந்து உட்காருகிறார்கள். நாலாம் காட்சியில் முடியாதது ஒன்பதாம் காட்சியில் எப்படி முடிந்தது என்றுதான் கேட்பார்கள். அதனால் வசனம் எழுதுமுன் ஒரே தாளில் பேயின் சட்டத்தை எழுதுங்கள்: எதைத் தொடும், எதைத் தொடாது, எதுவரை வரும், எப்போது வரும், அதற்கு என்ன வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் காட்டும் காட்சியின் எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். வரி இல்லாத காட்சியையும்தான்.

முதலில் மாடிப்படி. இந்த ஓட்டையை நம் பாட்டிமார் எப்போதோ அடைத்துவிட்டார்கள், பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று. ஆனால் கால் பாவாதது நடந்தால் படி கிறீச்சிடக் கூடாதே. உங்களுக்குக் கிறீச்சும் வேண்டும், சுவரும் வேண்டும். என் யோசனை: அடுத்தாளுக்குத் தனி உடம்பு வேண்டாம். வீடுதான் அவர் உடம்பு. வீட்டோடு சேர்த்து அடித்த கதவு, ஜன்னல், தாழ்ப்பாள், தரைப்பலகை எல்லாம் அவர் கைகால். தனியாகக் கிடக்கும் சொம்பு, செல்போன், தலையணை எதையும் அவரால் அசைக்க முடியாது.

இந்த ஒரு சட்டத்தை வைத்துக் காட்சிகளைத் திருத்திப் பாருங்கள். சொம்பு உருள வேண்டுமானால் அதன் கீழே பலகை ஒரு விரற்கடை எழும்பட்டும், சொம்பு தானாக உருளும். கேமரா சொம்பின் பின்னால் ஓடக் கூடாது, பலகையிலேயே நிற்க வேண்டும். சுவரில் நுழையும் காட்சி போகட்டும், சுவரே அவர்தானே. கழுத்து நெரிப்பதும் முடியாது. அதற்குப் பதில் அந்த அம்மா அறையைவிட்டு ஓடும்போது கதவு சாத்தி, பின்னல் இடுக்கில் மாட்டட்டும். இழுக்க இழுக்கக் கதவு இறுகும். கத்தரிக்கோல் எட்டாத தூரத்தில் கிடக்கும், அதை இந்தப் பேயாலும் நகர்த்த முடியாது என்று பார்ப்பவனுக்குத் தெரியும். இப்போது பயம் கூடியிருக்கிறது பாருங்கள்.

அடுத்தது தேதி. மோல்மீன் 1942 ஜனவரி 31லேயே ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. மார்ச்சில் விழுந்தது ரங்கூன். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தியேட்டரில் இருந்தால் போதும், படம் பத்தாவது நிமிடத்திலேயே படுத்துவிடும். கியாட்டும் தப்பு. இப்போதுள்ள கியாட் பர்மாவின் பணமாக வந்தது 1952ல். உங்கள் அடுத்தாள் எண்ணியது ரூபாய், அணா, பைதான்.

இந்தத் தப்பைத் திருத்தும்போதே கதைக்குப் புதையல் கிடைக்கிறது. ரூபாய்க்குப் பதினாறு அணா. மாடிப்படியும் பதினாறு படியாக இருக்கட்டும். ராத்திரி மேலிருந்து ஒவ்வொரு படியாகக் கிறீச்சிட்டு இறங்கி, பதினைந்தோடு நிற்கும். பழைய மரம் சூடு ஆறும்போது முனகும் என்று அப்பா சொல்லட்டும். உண்மைதான். ஆனால் அப்படி முனகும் மரம் வரிசை பார்த்து முனகாது. மூன்றாம் ராத்திரி பையன் எண்ணத் தொடங்கினால் போதும், நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். ஐந்தொகையில், அதாவது கடையின் மொத்தக் கணக்கில், ஓரணா இடிக்கிறது, கணக்கு முடியாமல் மேலாளுக்கு முன்னால் போய் நிற்க முடியாது, அதனால் அவர் போகவில்லை. பழிவாங்கல் எதற்கு? சம்பந்தமில்லாத குடும்பத்தை ஏன் பழிவாங்குகிறது என்ற கேள்வியும் சேர்ந்து போய்விடும். அவர் கண்ணில் அந்த வீடு அடமானச் சொத்து, உள்ளே இருப்பவர் எல்லாரும் கடன்காரர். கடன் தீராமல் ராத்திரியில் வாசல் திறக்காது. (ஓரணாவுக்கு இத்தனை வருட வட்டியை யாராவது கேட்டால் கணக்குப் போடாதீர்கள், அது வேறு படம்.)

பகலில் ஏன் காலி பண்ணவில்லை? இதற்குப் பேயே வேண்டாம், வாடகை போதும். பர்மாவில் ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாக முன்பணம் வாங்குவது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் காட்சியிலேயே அப்பா நோட்டுக்கட்டை எண்ணிக் கொடுக்கட்டும். சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி படுக்கலாமென்றால் வார்டு ஆபீசில் விருந்தாளிப் பெயர் பதிய வேண்டும், அதற்கு ஒரு வரி வசனம் போதும்.

கரண்ட் போவதை வைத்து மட்டும் பயமுறுத்தாதீர்கள். தினம் மின்வெட்டில் கிடக்கிறவன் கொட்டாவிதான் விடுவான். தெருவே இருட்டாக, ஜெனரேட்டர் எதுவும் ஓடாமல், உங்கள் மாடியில் மட்டும் குண்டு பல்பு எரிந்தால்தான் அவனுக்குக் குலைநடுங்கும். வயரிங்கும் வீட்டோடு அடித்ததுதானே, சட்டம் இடிக்காது. இன்வெர்ட்டர் என்று எவனாவது சொல்வான். அது ரிப்பேருக்குப் போவதை முன்பே ஒரு ஷாட்டில் காட்டிவிடுங்கள்.

இனி உங்கள் நண்பர்கள் யாரும் பிடிக்காத பெரிய ஓட்டை, தேங்காய். வீட்டுக்குக் காவலான மின் மகாகிரி என்ற நாட் தெய்வத்துக்காகத் தூணில் காம்போடு தேங்காயைக் கட்டிச் சிவப்புத் துணி சுற்றுகிறார்கள். தீயில் வெந்து செத்தவர் அவர், இளநீர் அந்த எரிச்சலைத் தணிக்கும் என்பது நம்பிக்கை. காவல் இருக்கும் வீட்டில் அடுத்தாளுக்கு எப்படி இத்தனை தைரியம்? பர்மியப் பார்வையாளர் இதைத்தான் முதலில் கேட்பார். பதிலும் தேங்காயிலேயே இருக்கிறது. நீர் வற்றினால் மாற்ற வேண்டும், மாற்றவில்லை. குடிவந்த அன்று அம்மா தூசி தட்டும்போது அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்கட்டும். சத்தமே இல்லை. திரும்பக் கட்டிவிடுகிறாள். ஐந்து விநாடி ஷாட், பின்னணி இசை கூடாது.

ஆனால் கடைசியில் புதுத் தேங்காய் கட்டிப் பேயை அடக்கி முடித்தீர்களானால், "முதல் நாளே கட்டியிருக்கலாமே" என்பார்கள். அந்த வழி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், இவர்கள் சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் தேங்காய் கட்டியும் பதினைந்து படி சத்தம் வரட்டும். பையன் எங்கிருந்தோ ஒரு பழைய ஓரணாவைத் தேடிக் கடைசிப் படியில் வைக்கட்டும். அதை எடுக்க அடுத்தாளுக்குக் கை கிடையாது. பலகைதான் சாய வேண்டும், இடுக்கில் காசு விழ வேண்டும்.

அந்தப் பலகை சாய இரண்டு ஆணியாவது பிடுங்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.