சூளை காணாத கல்: வாசகர் கேள்வி – பதில்

ஆத்தங்குடிக் கல்லை எந்தச் சூளையில், எவ்வளவு நேரம் சுடுகிறார்கள்? – கல்லல் வாசகர்

சுடுவதே இல்லை. டைல்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் சூளை நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் இது களிமண் ஓடு அல்ல, சிமென்ட் கல். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் இன்றும் கையால்தான் வார்க்கிறார்கள்.

துடைத்த கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வேலைப்பாட்டு அச்சு. சிமென்ட்டில் ஆக்ஸைடு சாயம் கலந்த குழம்பை, தயிர்ப் பதத்தில், அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்குவார்கள். மேலே மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்பொடியைத் தூவுவார்கள். சாயத்தில் மிஞ்சிய நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டினால் கல் தயார். மறுநாள் தொட்டித் தண்ணீரில் இறங்கும். பல நாள் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடி தானாக விட்டுவிடும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு.

குழம்பு நீர்த்தால் பூவின் ஓரம் கலங்கும். தண்ணீரில் ஊறும் நாள் குறைந்தால் கல்லின் முகம், அதாவது பூ இருக்கும் மேல்பக்கம், பொடியும். வாங்கும்போது ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு கல்லை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் தாராளமாக ஒட்டினால் அந்த அடுக்கை விட்டுவிடுங்கள்.

புதிதாகப் போட்ட தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? – தேவகோட்டை வாசகி

கூடவே கூடாது. சிமென்ட்டை ஆசிட் அரிக்கும். வெள்ளை போகும்; கூடவே பளபளப்பும் போகும், அது திரும்ப வராது. எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்யும். சமையலறையில் சிந்தினால் உடனே துடையுங்கள்.

நீங்கள் பார்ப்பது உப்பு. அடியிலிருந்து ஏறும் ஈரம் சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்பையும், மணலிலும் போர்த் தண்ணீரிலும் இருந்த உப்பையும் கரைத்து மேலே கொண்டுவருகிறது. ஈரம் காய்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. எனவே ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் இன்னும் ஏறுகிறது என்று அர்த்தம்.

தரை போட்டுச் சில மாதமே ஆகியிருந்தால் அது கலவையின் ஈரமாக இருக்கலாம். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து வாருங்கள், படிப்படியாகக் குறையும். ஒரே சுவரோரமாகப் பூத்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் கசிகிறதா, முற்றத்து மழைநீர் தேங்குகிறதா என்று பாருங்கள். ஈரம் நிற்கும்வரை எண்ணெயோ கோட்டிங்கோ பூச வேண்டாம். மேல்வழியை அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று கறையாகும்.

12 அடிக்கு 15 அடி பட்டாலைக்கு (கூடத்துக்கு) எத்தனை கல்? பதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – பள்ளத்தூர் வாசகர்

180 சதுர அடி. 10 அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 1.44, ஆக 260. உடைவுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 285 வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குவது முக்கியம். அடுத்த வார்ப்பில் சிவப்பு அதே சிவப்பாக இருக்காது. மிஞ்சியதைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு ஒரு கல் உடைந்தால் உதவும்.

வயரிங், குழாய், பெயின்ட் எல்லாம் முடிந்து கடைசியில்தான் தரை. கையால் செய்த கல் கனத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மெல்லிய பசையில் ஒட்டினால் மேடு பள்ளம் தெரியும். ஒன்றரை, இரண்டு அங்குலக் கலவையில் நூல் பிடித்துப் பதிப்பதே சரி. முதலில் கல்லின் முதுகை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் நீரை அது குடித்துவிடும். தட்டுவதற்கு ரப்பர் சுத்தியல் போதும். இடுக்கு நூலளவு, அதில் வெள்ளைச் சிமென்ட்டோடு அதே நிறச் சாயம். முகத்தில் வழிந்த சிமென்ட்டை அப்போதே துடைக்காத கொத்தனாரை வைத்துக்கொண்டால், பிறகு நீங்கள்தான் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். தரைமேல் செய்தித்தாள் விரிக்காதீர்கள், மை இறங்கும்.

நன்றாகக் காய்ந்தபின் உமியைத் தூவிச் சாக்கால் தேய்த்து, துணியில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது ஊர் வழக்கம். எண்ணெய் அதிகமானால் தூசி அப்பும்.

மங்கிய பழைய தரைக்கு மெஷின் பாலிஷ் போடலாமா? – காரைக்குடி வாசகி

வேண்டாம். மொசைக் தரையில் சில்லு கலந்த மேலடுக்கு முழுவதும் ஒரே சரக்கு, கொஞ்சம் தேய்ந்தாலும் அதேதான் தெரியும். இதில் பூ இருப்பது மேலே சில மில்லிமீட்டர் மட்டும்தான். மெஷினில் சாணைக்கல் ஓட்டினால் பூ தேய்ந்து சாம்பல் சிமென்ட் தெரியும்.

குளியலறைக்கு? – புதுவயல் வாசகர்

நனைந்தால் வழுக்கும், கழுவும் ஆசிட்டும் அங்கே வந்தே தீரும். வேறு கல் போடுங்கள்.