மனைக்கு அங்கீகாரம் உண்டு, வாய்க்காலுக்கு?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில், எங்கள் ஊர் ஏரிப் பாசனத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நன்செய் இருக்கிறது. மடைக்கும் என் வயலுக்கும் நடுவில் இருந்த ஆறு ஏக்கரை ஒரு ரியல் எஸ்டேட்காரர் வாங்கி, மூன்றடி உயரத்துக்குச் செம்மண் அடித்து மனை பிரித்துவிட்டார். அதன் வழியாக வந்த வாய்க்காலைப் போன பங்குனியில் மூடி, மேலே ரோடு போட்டாயிற்று. ஏரித் தண்ணீர் வருவதில்லை. மழை பெய்தால் மட்டும் மனையில் விழுகிற தண்ணீர் எல்லாம் என் வயலில் நிற்கிறது. கேட்டால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் பலகையைக் காட்டுகிறார்கள். புரோக்கரோ, "பேசாம நீங்களும் குடுத்துட்டுப் போங்க" என்கிறார். விளைநிலத்தில் மனை போடுவதையே தடுக்க முடியாதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் உங்களுக்கு ஏமாற்றம். பட்டா நிலத்தை மனையாக்குவதைச் சட்டம் அடியோடு தடுக்கவில்லை, அனுமதி வாங்கச் சொல்கிறது. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதி என்றால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான 2017 விதிகளும் பொருந்தும். திட்டத்துக்குள் வரும் பகுதியில் வேளாண் மண்டலமாகக் குறித்த நிலம் என்றால் மறுவகைப்பாடு வேண்டும். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டபின், பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய முடியாது. இவ்வளவும் சேர்ந்து, வரைபடம் போட்டு ரோடும் பூங்காவும் விட்ட மனைகளைக் கொண்டுவந்தன. வயலைக் காப்பாற்றினவா என்று கேட்டால், என் அனுபவத்தில் அவ்வளவாக இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022-இல் முடிவெடுத்தார்கள். உங்கள் பக்கம் பலகைகள் இன்னும் பெருகத்தான் போகின்றன.

ஆனால் நீங்கள் பிடிக்க வேண்டியது மனையை அல்ல, வாய்க்காலை. டிடிசிபி கொடுப்பது அவருடைய நிலத்தை மனையாகப் பிரிக்க அனுமதி. அவருக்குச் சொந்தமில்லாத வாய்க்காலைத் தூர்க்கும் உரிமை அதிலிருந்து அவருக்கு வராது.

அந்த வாய்க்கால் யாருடையது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. அந்தச் சர்வே எண்களுக்கான எஃப்எம்பி என்கிற புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்), எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டு நகலையும் எடுங்கள். இவை தமிழக அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். வாய்க்காலுக்குத் தனி உட்பிரிவு எண் இருந்து, 'வாய்க்கால் புறம்போக்கு' என்று பதிவாகியிருந்தால் அது அரசு நிலம். தாசில்தார் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். "லட்சக்கணக்கில் செலவு செய்து ரோடு போட்டுவிட்டோமே" என்ற வாதம் எடுபடாது. ஊர்ப் பொதுநிலம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் (2011), நீண்ட நாள் அனுபவமோ பெரும் செலவோ ஆக்கிரமிப்பை மன்னிக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விஏஓவிடம் வாய்மொழியாகச் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாசில்தார், வருவாய்க் கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் புலப்பட நகலோடு பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அந்த அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பொதுவாய்க்காலை மறித்தால், அதை அகற்றச் சொல்லும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் (பழைய 133) கோட்டாட்சியருக்கு உண்டு. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். பதிலே வராவிட்டால், அந்தத் தபால் ரசீதுகளோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கிராம சபையில் தீர்மானம் போட்டால் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

புலப்படத்தில் வாய்க்காலே இல்லை, பட்டா நிலத்துக்குள் ஓடிய வயல் வாய்க்கால்தான் என்றால் விஷயம் வேறு. அப்போது உங்களுக்கு இருப்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் (ஈஸ்மெண்ட்), அடுத்தவர் நிலத்தின் வழியே தண்ணீரோ பாதையோ அனுபவிக்கும் உரிமை பற்றியது. இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு தண்ணீர் கொண்டுவந்திருந்தால் 15-ஆம் பிரிவின்படி அது உரிமையாகிறது. இங்கே இரண்டு கெடுக்கள் பலரைக் கவிழ்த்திருக்கின்றன. அந்த இருபது ஆண்டுகள் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதோடு, மூடியது தெரிந்தும் ஒரு வருடம் சும்மா இருந்தால் அந்தத் தடைக்கு நீங்களே இணங்கியதாகிவிடும். ஆகவே அடுத்த பங்குனி வருவதற்குள் வக்கீல் நோட்டீஸாவது போயாக வேண்டும். வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில். மூடியதைத் திறக்கச் செயலுறுத்துக் கட்டளையும், மேற்கொண்டு மறிக்காமலிருக்கத் தடையுத்தரவும் சேர்த்தே கேளுங்கள்.

மழைத் தண்ணீர் பற்றி: மேட்டு நிலத்தில் விழும் மழை இயல்பாகப் பள்ளத்துக்கு ஓடுவதைக் கீழ் நிலத்துக்காரர் தடுக்க முடியாது என்பது அதே சட்டத்தின் விதி. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் எடுப்பார். ஆனால் அது இயற்கையான மேட்டுக்கு. லாரியில் மண் அடித்து உண்டாக்கிய மேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. மண் அடிப்பதற்கு முன்பு எடுத்த படம் கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் தெரிந்தால்கூடப் போதும், தேடுங்கள்.

மனை அனுமதிக் கோப்பையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. வரைபடத்தில் வாய்க்காலைக் காட்டினார்களா, வெள்ளநீர் குறித்து நீர்வளத் துறை சான்று கொடுத்ததா, என்ன நிபந்தனையோடு கொடுத்தது என்று பாருங்கள். வாய்க்காலை மறைத்து வாங்கிய அனுமதி என்று தெரிந்தால் அதை ரத்து செய்யக் கோரலாம். மனைகள் விற்று வீடுகள் எழும்பிய பிறகு, ஒன்றும் அறியாத முப்பது குடும்பங்கள் எதிர்மனுதாரர்களாக வந்து நிற்பார்கள். அப்போது எந்த நீதிபதியும் யோசிப்பார். சார்பதிவாளருக்கும் இப்போதே ஓர் ஆட்சேபணை மனு கொடுங்கள்.

விற்கச் சொல்லி உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். புரோக்கர் நீட்டும் எந்தத் தாளிலும், 'ஆட்சேபணை இல்லை' என்ற ஒற்றை வரியானாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது பழைய அடங்கல் (விஏஓவின் வருடாந்திரப் பயிர்க் கணக்கு) நகல்களையும் அப்பா காலத்துக் கிஸ்தி (நிலவரி) ரசீதுகளையும் எடுத்துப் போங்கள். அடங்கலில் பாசன ஆதாரம் என்ற இடத்தில் உங்கள் ஏரியின் பெயர் வருஷா வருஷம் எழுதியிருக்கும். தண்ணீர் வந்ததற்கு அரசாங்கமே எழுதிவைத்த சாட்சி அது.