ஜூரி அறைக்குள் போன பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் வாழும் வாசகர்கள் சிலருக்கு ஜூரி அழைப்பு வந்திருக்கிறது. ஜூரி என்பது ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் 12 பொதுமக்கள் குழு; அதில் ஒவ்வொருவரும் ஒரு ஜூரர். அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். இவை பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் இங்கிலாந்து, வேல்ஸ் கிரவுன் கோர்ட்டுகளுக்குத்தான் பொருந்தும். ஸ்காட்லாந்து முறை வேறு.

என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். சட்டமும் தெரியாது. என்னை ஏன் கூப்பிடுகிறார்கள்? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியர், இலங்கையர் பெயர்களும் அங்கே வாக்காளர் பட்டியலில் இருக்கும். வயது 18 முதல் 75 வரை, 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு பிரிட்டனில் வசித்தவர் என்றால் அழைப்பு வரலாம். சட்டம் எது என்று நீதிபதி சொல்லிவிடுவார். என்ன நடந்தது என்று தீர்மானிப்பதுதான் உங்கள் 12 பேரின் வேலை. ஆங்கிலத்தில் பேசுவதைப் பின்தொடர முடியாது என்றால் முதல் நாளே கோர்ட் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்; புரியாமல் தலையாட்டினால் அதற்கான தண்டனையை இன்னொருவர் அனுபவிக்க வேண்டிவரும்.

உள்ளே போனதும் கைதூக்கச் சொல்லி, யார் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாமா? (ஹாரோ)

சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். ஒருமுறை கை தூக்கிவிட்டால், சாட்சியத்தை யோசிப்பதை விட்டுவிட்டுத் தான் சொன்னதைக் காப்பாற்றுவதிலேயே மனம் நிற்கும். ஐந்து நிமிடத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும்.

முதலில் தலைவரைத் தேர்ந்தெடுங்கள். சத்தமாகப் பேசுகிறவரை விட, பேசாமல் இருக்கிறவரையும் பேசவைக்கத் தெரிந்தவர் நல்லது. பல வழக்குகளில் நீதிபதி வரிசையாகக் கேள்விகள் எழுதிய தாள் ஒன்றைத் தருவார். உதாரணமாக ஒரு அடிதடி வழக்கு. முதல் கேள்வி: அடித்தது இவர்தான் என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா? இல்லை என்றால் 'குற்றவாளி அல்ல', அதோடு முடிந்தது. ஆம் என்றால் அடுத்தது: தற்காப்புக்காக அடிக்கவில்லை என்பதில் உறுதியா? அந்த வரிசையிலேயே போங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தச் சாட்சி என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் அது நின்றதா, சிசிடிவியில் தெரிந்ததும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று மேசையைச் சுற்றி எல்லோரும் பேசுங்கள். வாக்கெடுப்பு அப்புறம்.

ஒரு சாட்சி சொன்னது ஆளாளுக்கு வேறு மாதிரி நினைவிருந்தால் சண்டை போடாமல், துண்டுச் சீட்டில் எழுதிக் கோர்ட் ஊழியரிடம் கொடுங்கள். நீதிபதி இரு தரப்பு வக்கீல்களிடமும் கலந்துவிட்டு, தன் குறிப்பிலிருந்து நினைவூட்டுவார். புதிய சாட்சியம் கிடைக்காது. அந்தச் சீட்டில் 'எட்டுக்கு நாலு' என்பது போல வாக்குக் கணக்கை எழுதவே கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறிச் சாட்சி சொல்லவே இல்லை. அவர்தான் செய்திருப்பார் என்று தோன்றினால்?

தோன்றுவது போதாது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. 'செய்திருப்பார்' என்ற இடத்தில் நீங்கள் நின்றால் பதில் 'குற்றவாளி அல்ல'. 'செய்தார், உறுதி' என்றால்தான் குற்றவாளி. மௌனத்தை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாமா என்று நீதிபதி சொல்வார். ஆனால் மௌனத்தை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று முடிவு செய்ய முடியாது. எத்தனை வருடம் கிடைக்குமோ என்ற யோசனையும் வேண்டாம், தண்டனை நீதிபதியின் வேலை.

பதினொரு பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி மட்டும் மறுபக்கம் என்றால்? (லெஸ்டர் வாசகி)

முதலில் 12 பேரும் ஒரே முடிவுக்கு வரத்தான் சொல்வார்கள். குறைந்தது 2 மணி 10 நிமிடம் ஆன பிறகே, அதுவும் நீதிபதி அனுமதித்தால்தான், 11-1 அல்லது 10-2 பெரும்பான்மை முடிவு செல்லும். பெரும்பாலும் அதைவிட நெடுநேரம் காத்திருப்பார்கள்.

மற்றவர்கள் காரணத்தைக் கேளுங்கள், உங்கள் காரணத்தையும் சொல்லுங்கள். அவர்கள் வாதம் சரியென்று பட்டு மனம் மாறினால் அதில் அவமானம் இல்லை. மாலை பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிறது என்பதற்காக மாறக்கூடாது. 1670-ல், தெருவில் பிரசங்கம் செய்த கூட்டத்துக்காக வழக்கில் சிக்கிய வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்ல மறுத்த ஜூரர்களை இரண்டு இரவு சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டிவைத்தார்கள். அவர்கள் அசையவில்லை. அந்த முடிவுக்காக விதித்த அபராதத்தைக் கட்ட மறுத்துச் சிறையில் இருந்த அவர்களில் ஒருவரான எட்வர்ட் புஷெல் விடுதலையானபோது, தங்கள் முடிவுக்காக ஜூரர்களைத் தண்டிக்கக்கூடாது என்பது நிலைபெற்றது. லண்டனின் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் அவர்களுக்கு நினைவுப் பலகை இருக்கிறது. உங்கள் உரிமை அவர்கள் பட்டினி கிடந்து வாங்கித் தந்தது.

முடிவே எட்டாவிட்டால் நீதிபதி ஜூரியைக் கலைப்பார், மறுவிசாரணை வரலாம். அது தோல்வி அல்ல.

கூட இருக்கும் ஜூரர் கூகுளில் தேடியதாகச் சொல்கிறார். காட்டிக்கொடுக்க வேண்டுமா?

ஆமாம், அதுவும் முடிவு சொல்வதற்கு முன்பே. வழக்கைப் பற்றித் தேடுவது குற்றம், 2 ஆண்டு வரை சிறை. குற்றம் சாட்டப்பட்டவரோடு ஃபேஸ்புக்கில் பேசிய ஜூரருக்கு 2011-ல் 8 மாதமும், இணையத்தில் தேடிய இன்னொருவருக்கு 2012-ல் 6 மாதமும் சிறை கிடைத்தது. கோர்ட்டில் வராத தகவலுக்குக் குற்றம் சாட்டப்பட்டவரால் பதில் சொல்லவே முடியாதே! 1994-ல் ஒரு இரட்டைக் கொலை வழக்கில், ஹோட்டலில் தங்கிய ஜூரர்கள் சிலர் ஆவிப் பலகை வைத்துக் கொலையுண்டவர்களில் ஒருவரிடமே 'கேட்டார்கள்'. தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணையில் மீண்டும் குற்றவாளி என்றே முடிந்தது. இறந்தவர்களின் குடும்பம் எல்லாவற்றையும் இரண்டாம் முறை அனுபவிக்க வேண்டியிருந்தது.

வழக்கு முடிந்ததும் வீட்டில் சொல்லலாமா?

எல்லோர் முன்னும் கோர்ட்டில் நடந்ததைச் சொல்லலாம். ஜூரி அறைக்குள் யார் என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்பதை மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது, என்றைக்கும். பார்த்த படங்களும் கேட்ட சாட்சியமும் தூக்கத்தைக் கெடுத்தால் தயங்காமல் உங்கள் டாக்டரிடம் போங்கள். உங்கள் மனநிலையைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.