ஒரு நாள் பயணத்தில் நீங்கள் எதிர்பாராமல் கண்டு வியந்த ஊர் எது?

எனக்கு அது நியூசிலாந்தின் கட்டிகட்டி. டவுரங்காவிலிருந்து வைஹி போகும் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் வரும் சின்ன ஊர், அந்த நெடுஞ்சாலையேதான் கடைத்தெருவும். காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வண்டியை நிறுத்தினோம், ஆனால் மூன்று மணி நேரம் அங்கேயே போய்விட்டது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரோவியம்! 1991இல் ஆரம்பித்த வேலை இது. 1875இல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து கப்பலில் வந்து குடியேறியவர்களின் கதைதான் பல சுவர்களில் இருக்கிறது, அதுவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் என்னை நகரவிடாமல் செய்தவை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வடிவங்கள் கலந்த ஓவியங்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்றே நிறம், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துப் போகும் சுருள்கள். என் மகள் "நத்தையாப்பா?" என்று கேட்டாள். நத்தை இல்லை, அது கோரு, அதாவது பெரணிச் செடியில் புதிதாக விரியும் இளந்தளிர். புது உயிர், வளர்ச்சி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மாவோரிகளின் கூட்ட மண்டபத்தில் கூரைச் சட்டங்கள் மேல் இதே சுருள்களைத்தான் வரிசையாகத் தீட்டுவார்கள், அதற்குக் கோஃபைஃபை என்று பெயர். நடுவில் ஓடும் முகட்டு உத்தரம் மூதாதையின் முதுகெலும்பு, சட்டங்கள் விலா எலும்புகள். இது தெரிந்த பிறகு அந்தச் சுவரை வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

ஊர்ப் பெயரே மாவோரிப் பெயர்தான். மாவோரி மூதாதையர் கடல் கடந்து வந்த படகுகளில் ஒன்றான தே அராவாவின் தலைவன் தமதேகபுவா இந்தக் கரையில் இறங்கியபோது கூட வந்தவர்கள் அள்ளி விழுங்கிவிட்டு எழுந்தார்களாம், அவன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். கட்டிகட்டி என்றால் அப்படிக் கொறிப்பது. அப்புறம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அல்ஸ்டர்காரர்களுக்குக் கிடைத்த நிலம் 1864இல் டவுரங்காவில் நடந்த போரை ஒட்டி மாவோரிகளிடமிருந்து அரசின் கைக்குப் போன நிலம். அது தெரிந்தால் குடியேற்றக் கதை ஓவியங்களுக்கு நடுவே ஒரு கோருவைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது, எனக்குக் கனத்தது.

போவதாக இருந்தால் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நடந்தே பாருங்கள், பக்கவாட்டுச் சந்துகளையும் விடாதீர்கள். ஊரேதரா ஓடைக்கரையில் பாறைகளில் ஹைக்கூ செதுக்கிய பாதை ஒன்றும் உண்டு, குழந்தைகள் பாறைக்குப் பாறை ஓடுவார்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் தே ரெரேயாதுகாஹியா மராயே இருக்கிறது, ஆனால் மராயே என்பது ஒரு மாவோரிக் குலத்தார் கூடும் இடம், அவர்கள் வீடு மாதிரி, அழைப்பில்லாமல் உள்ளே போகக் கூடாது. நாங்கள் திரும்பிக் கடைத்தெருவுக்கே வந்து அந்தச் சிவப்புச் சுவரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.